அடுத்த குரூப்பில் யார் யார்?

ஜனவரி 9

சின்னவனுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடலை. மத்தபடி என்கூட சண்டை போடற அளவுக்குத் தெம்பாதான் இருக்காங்க. உனக்குச் சளி விட்டுதா? போன்ல கேட்டா "நல்லா இருக்கேன்க்கா, கடையில ஆள் நிக்கறாங்க"ன்னு சொல்லி வெச்சிடற. யாரோ பக்கத்துல நின்னு ஒட்டுக் கேட்கற மாதிரியே பேசற. அதான் கடுதாசி.

எங்க டிராவல்ஸ்ல இருந்து டிக்கெட், ஹோட்டல் சீட்டெல்லாம் போட்டு ஒரு பை அங்க இருக்கிற ஏஜென்ட் ஆபீஸுக்கு அடிக்கடி போகும். அதுல உன் கவரையும் சொருகிடறேன். அந்த ஆபீஸ் கிளார்க் உன் கடைக்கே கொண்டு வந்து கொடுக்கறேன்னு சொல்லியிருக்கார். பதிலையும் அவர் கையிலயே கொடு. முதலாளிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவார், அது வேற விஷயம்.

இப்ப உன்னால ஒரு காரியம் ஆகணும். வயசானவங்க டூர் முழுக்க இந்த வருஷம் என் தலையில கட்டிட்டார் முதலாளி. முதல் குரூப் பிப்ரவரி ஆரம்பத்துல அங்க வருது. மணிக்கூண்டு சதுக்கத்துக்குப் பக்கத்து ஹோட்டல், உன் கடையிலருந்து கூப்பிடு தூரம். அந்தச் சதுக்கத்தைப் பத்தி நல்லபடியா ஒருத்தரும் சொல்லலை. போன வருஷம் வேற கம்பெனியில வந்த ஒரு அம்மா கையில யாரோ சிரிச்சுக்கிட்டே கலர் கயிறு கட்டினானாம். அப்புறம் நாலு தடியனுங்க சுத்தி நின்னு, பர்ஸைத் திறந்தாதான் விடுவோம்னு மிரட்டியிருக்காங்க. என் ஆளுங்கள்ல ஒருத்தர் கண்ணைக் கசக்கிட்டுத் திரும்பினாலும் என்னை வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவார் முதலாளி. மாமாவுக்கு வேலை போனதுல இருந்து இந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுதுன்னு உனக்கே தெரியும். நீ ஒரு கண்ணு வெச்சுக்கோ.

முக்கியமா ஒரு ஹெட்மாஸ்டரும் அவர் சம்சாரமும் வர்றாங்க. சாம்பல் நிறக் கோட்டு, கையில குடை, வெயில் அடிச்சாலும் குடை. தங்கமான மனுஷன், ஆனா ஒரு பலவீனம். யாராவது வந்து "சார், என்னைத் தெரியலையா, உங்க ஸ்டூடண்ட்"னு சொன்னா போதும், உருகிடுவார். முகம் ஞாபகம் இல்லைன்னு செத்தாலும் ஒத்துக்க மாட்டார், கௌரவம். எங்க ஆபீஸ் பியூன் விளையாட்டுக்கு அப்படிச் சொல்லி அவர்கிட்ட டீ வாங்கிக் குடிச்சுட்டான்னா பார்த்துக்கோ.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாங்க.

உன் அக்கா

*

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போயிடுச்சு. அம்மா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

உன் கடுதாசியை மூணு தடவை படிச்சேன். நீ எதிர்ல உட்கார்ந்து பேசற மாதிரியே இருந்தது. இங்க தமிழே காதுல விழறதில்லை, அதனால நிறைய எழுது.

உன் ஆளுங்களைப் பத்திக் கவலைப்படாதே. சதுக்கத்துல யார் என்ன பண்ணுவாங்கன்னு எனக்கு அத்துபடி. ஹோட்டல் பேர் என்ன, ஹெட்மாஸ்டரும் சம்சாரமும் எத்தனை மணிக்கு வெளியில கிளம்புவாங்க, இதையெல்லாம் முன்கூட்டியே எழுதினா எனக்கு வசதியா இருக்கும். அடுத்த குரூப்ல யார் யார்?

கடையில வேலை ஜாஸ்தி. அதான் சுருக்கமா முடிக்கறேன்.

உன் தம்பி

*

பிப்ரவரி 20

சின்னவனுக்கு,

சௌக்கியம்தானே? இங்க அம்மா ஒத்தடம் கொடுத்தா சூடுங்கறாங்க, கொடுக்கலைன்னா மகள் கவனிக்கலைங்கறாங்க. மாமா இன்னும் வேலை தேடிட்டுதான் இருக்கார்.

ஹெட்மாஸ்டர் ஊர் திரும்பினதும் நேரா எங்க ஆபீஸுக்குத்தான் வந்தார். முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. அங்க சதுக்கத்துல ஒரு பழைய மாணவன் அவரை அடையாளம் கண்டுபிடிச்சு, ஓடி வந்து காலைத் தொட்டானாம். என் வாய் முகூர்த்தத்தைப் பார்த்தியா! கல் பதிச்ச நகை விக்கிற அரசாங்கக் கடை ஒண்ணு இருக்கு, இன்னிக்குத்தான் கடைசி நாள்னு சொல்லி, தானே காருல கூட்டிட்டுப் போனானாம். சம்சாரத்துக்கு ஒரு செட்டும், பேத்தி கல்யாணத்துக்கு ஒரு செட்டும் வாங்கிட்டு வந்திருக்கார். ரிட்டையர் ஆனப்ப வந்த பணத்துல மிச்சம் இருந்ததை அதுல போட்டுட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். என் தம்பி உங்களை வந்து பார்த்தானான்னு கேட்டேன், அப்படி யாரும் வரலையேன்னார். பரவாயில்லை, கடையில வேலை இருந்திருக்கும்.

அடுத்த குரூப் மார்ச் கடைசியில. இதுல ரெண்டு சகோதரிங்க வர்றாங்க, ரெண்டு பேருக்கும் குழந்தை குட்டி இல்லை. மூத்தவங்க பேங்க்ல காஷியரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. ஹோட்டல் லாக்கரை நம்ப மாட்டாங்களாம். ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் ஒரு பழுப்பு நிறப் பையோட உள் ஜிப்புல வெச்சு, பையைக் கக்கத்துலயே இடுக்கிட்டிருப்பாங்க. ஆனா அதிகாரின்னு எவன் வந்து நின்னாலும் எழுந்து நின்னு பையைத் திறந்து காட்டிடுவாங்க. சர்வீஸ் முழுக்க ஆடிட்டருக்குப் பயந்தே வேலை பார்த்த உடம்பு. இளையவங்க அதுக்கு நேர்மாறு, எமனே வந்தாலும் ரசீது கேட்பாங்க. அவங்களும் மணிக்கூண்டு பக்கத்து ஹோட்டல்தான். காலைச் சாப்பாடு முடிச்சதும் சதுக்கத்துக்கு நடந்து போவாங்க.

இந்தத் தடவையாவது போய் ஒரு வணக்கம் சொல்லிட்டு வா.

உன் அக்கா

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா இருக்கேன். எல்லாரும் நலம்னு நினைக்கறேன். ஹெட்மாஸ்டரைப் பார்க்க முடியலை, என் கடை முதலாளி வெளியூர் அனுப்பிட்டார். அவர் சந்தோஷமா திரும்பினது எனக்கும் சந்தோஷம்.

சகோதரிங்க விஷயம் படிச்சேன். நீ ஆளுங்களை வர்ணிக்கறது இருக்கே, கண்ணை மூடிட்டுக் கூட்டத்துல கண்டுபிடிச்சிடலாம். அவங்களை நான் பார்த்துக்கறேன்.

நீ அனுப்பின ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. அளவு சரியா இருக்கு.

உன் தம்பி

*

ஏப்ரல் 11

சின்னவனுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? எங்களுக்கு உடம்பு நல்லா இருக்கு, மனசுதான் சரியில்லை.

ஹெட்மாஸ்டர் வாங்கிட்டு வந்தது கண்ணாடிக் கல்லாம். செட்டுல இருந்து ஒரு கல்லைக் கழட்டிப் பேத்திக்கு மோதிரத்துல பதிக்கலாம்னு ஆசாரிகிட்ட கொண்டு போயிருக்கார். ஆசாரி உரசிப் பார்த்துட்டு, சார் இது பாட்டில் உடைச்சதுன்னு சொல்லியிருக்கார். ஹெட்மாஸ்டருக்குப் பணம் போனது கூட பெரிசா தெரியலை. அந்தப் பையன் என் மாணவன் இல்லையா, அப்ப யாரு, என்னை எப்படித் தெரியும்னு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

அது ஆறறதுக்குள்ள சகோதரிங்க. சதுக்கத்துக்குப் போற சந்துல ரெண்டு பேர் வழி மறிச்சு, போலீஸ்னு அட்டை காட்டி, கள்ள நோட்டு சோதனை, பாஸ்போர்ட் எடுங்கன்னு கேட்டிருக்காங்க. மூத்தவங்க உடனே பழுப்புப் பையைத் திறந்திருக்காங்க. இளையவங்க விடலை. நடு நடைபாதையில சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ, அங்க காட்டறேன்னு கத்தியிருக்காங்க. கூட்டம் கூடினதும் அவனுங்க ஓடிட்டானுங்க, ஆனா பாஸ்போர்ட்டோட ஓடிட்டானுங்க. புதுப் பேப்பர் வாங்கறதுக்குள்ள மூத்தவங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, ஆஸ்பத்திரியில சேர்த்து, ஒரு பக்கம் வாய் கோணிப் போய்த் திரும்பியிருக்காங்க. இப்ப வாசல் மணி அடிச்சாக் கூட ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறாங்களாம்.

பார்க்கப் போயிருந்தேன். இளையவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னதை அப்படியே எழுதறேன்: "அவன் என் பையைப் பார்க்கவே இல்லைம்மா. நேரா அக்கா பையைக் காட்டி, உள் ஜிப்பைத் திறன்னு சொன்னான்."

உள் ஜிப்பு விஷயத்தை நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் அதையேதான் நினைச்சுட்டு வந்தேன். என் கடுதாசியை வழியில யாரோ பிரிச்சுப் படிக்கறாங்கடா. ஏஜென்ட் ஆபீஸ் கிளார்க் மேலதான் எனக்குச் சந்தேகம். வேற வழி தெரியாததால இதையும் அதே பையிலதான் அனுப்பறேன், கவர் மூடி மேல கையெழுத்துப் போட்டிருக்கேன். நீ என்ன நினைக்கற? கவர் ஒட்டினபடியே வருதா, இல்லை பிரிச்சு ஒட்டின மாதிரி இருக்கா? உடனே எழுது. முதலாளி இன்னும் ஒரு புகார் வந்தா கணக்கைத் தீர்த்து அனுப்பிடுவேன்னு சொல்லிட்டார்.

உன் அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. நடுவுல காய்ச்சல். இப்பத் தேவலை. அம்மா எப்படி இருக்காங்க?

நீ சொல்றது சரிதான். இப்ப யோசிச்சா கவர் ஓரம் சுருங்கின மாதிரிதான் வருது. அந்தக் கிளார்க் ஒரு மாதிரியான ஆள். அவன்கிட்ட நேரடியா எதுவும் கேட்டுடாதே, உஷாராயிடுவான். இனிமே தபால்லயே என் ரூம் விலாசத்துக்கு எழுது, கீழே கொடுத்திருக்கேன்.

ஒண்ணு செய். வர்றவங்ககிட்ட இதைச் சொல்லி அனுப்பு. அட்டை காட்டறவன்கிட்ட எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஹோட்டலுக்கு வா, மேனேஜர் முன்னாடி காட்டறேன்னு சொன்னா பாதிப் பேர் அங்கயே நழுவிடுவானுங்க. சட்டையில கறை பட்டிருக்குன்னு துடைக்க வர்றவன் ஒரு ஆள், பையை எடுக்கறவன் இன்னொரு ஆள். அதனால கறையோடவே நடந்து போயிடணும். கடைசி நாள், இன்னிக்கு மட்டும்னு எவன் சொன்னாலும் அந்தக் கடை நாளைக்கும் திறந்துதான் இருக்கும். அப்புறம், வெளிநாட்டுல யாராவது வந்து தமிழ்ல பேசி, நீங்க நம்ம ஆளான்னு கேட்டா, அவனை முதல்ல நம்பக் கூடாது. மத்தவனைக் கூட நம்பலாம்.

மூத்தவங்களுக்கு இப்ப வாய் சரியாயிடுச்சா?

அடுத்த குரூப்ல யார் யார்?

உன் தம்பி

*

மே 22

சின்னவனுக்கு,

காய்ச்சல் விட்டது நல்லது. அம்மா நல்லா இருக்காங்க. மூத்தவங்களுக்கு வாய் கொஞ்சம் நேராயிருக்கு, பேச்சு இன்னும் குழறுது.

உன் யோசனை எல்லாத்தையும் அச்சடிச்சு டூர் வர்றவங்க கையில கொடுக்கப் போறேன். ரொம்ப நல்லா எழுதியிருக்க. கூடவே நின்னு பார்த்தவன் எழுதின மாதிரி இருக்கு.

இது நீ சொன்ன மாதிரி தபால்ல, உன் ரூம் விலாசத்துக்கு வருது. மாமாவுக்குக் கூட காட்டலை. உன்னையும் என்னையும் தவிர இதை யாரும் படிக்க வழியில்லை. அதனால மனசு விட்டே எழுதறேன்.

ஜூன் குரூப்ல ஒரு அம்மா தனியா வர்றாங்க. அவங்க பையன் வேலைக்குன்னு அந்த ஊருக்குத்தான் வந்தானாம். ரெண்டு வருஷமா தகவல் இல்லை. டூர் பார்க்கறதுக்கு இல்லை, அவனைத் தேடத்தான் வர்றாங்க. மத்தவங்க ஊர் சுத்தப் போனாலும் அவங்க போக மாட்டாங்க, ஹோட்டல் வரவேற்பு அறையிலயே பச்சை சால்வையைப் போர்த்திட்டு, பையன் போட்டோவைக் கையில வெச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. புருஷன் விட்டுட்டுப் போன நகை எல்லாத்தையும் இடுப்புப் பையில கட்டிட்டு வர்றாங்க. பையன் ஏதாவது சிக்கல்ல இருந்தா மீட்டுட்டு வரலாம்னு. உங்க பையனைத் தெரியும்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னா, எங்க, எதுக்குன்னு கேட்காம பின்னாடியே போயிடுவாங்க.

சொல்லு, இப்படிப்பட்டவங்களை நான் எப்படித் தடுக்கறது? உனக்கே தெரியும், நீ போன் பண்ணாத வாரத்துல நம்ம அம்மா வாசல்லயே நின்னுட்டிருப்பாங்க.

உனக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லு. எதுவா இருந்தாலும் சரி. நான் உன் அக்கா, போலீஸ் இல்லை. பதிலுக்குக் காத்திருப்பேன்.

உன் அக்கா

*

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம்தானே? நான் நலம்.

எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. நீ வீணா எதையாவது போட்டுக் குழப்பிக்காதே.

அந்த அம்மாவைப் பத்தியும் கவலைப்படாதே. என்னிக்கு வர்றாங்கன்னு மட்டும் போன்ல சொல்லு. நான் பார்த்துக்கறேன்.

உன் தம்பி

*

ஜூன் 21

சின்னவனுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கன்னு உன் ரூம் கதவைப் பார்த்தாலே தெரியுது, பூட்டு போடக் கூட தாழ்ப்பாள் ஒழுங்கா இல்லை. இப்ப அந்தக் கதவுக்கு வெளியில படிக்கட்டுல உட்கார்ந்துதான் இதை எழுதறேன். நீ வெளியில போயிருக்க, எப்ப வருவன்னு யாருக்கும் தெரியலைன்னு கீழ் வீட்டுக்காரங்க கையைக் கையை ஆட்டிச் சொன்னாங்க. இதைக் கதவுக்கு அடியில தள்ளிட்டு ஹோட்டலுக்குப் போறேன்.

அப்படி ஒரு அம்மா கிடையாதுடா. நானாத்தான் உட்கார்ந்து கட்டினேன். போன்ல நீ கேட்ட தேதியைச் சொல்லிட்டு, குரூப்புக்குத் துணையா நானே போறேன்னு முதலாளி கையில காலுல விழுந்து கேட்டு, டிக்கெட் வாங்கி வந்தேன். பச்சை சால்வை நம்ம அம்மாவோடது. மூணு நாள் வரவேற்பு அறையில அதைப் போர்த்திட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் யாரும் வரலை. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உன்னைச் சந்தேகப்பட்டதுக்கு என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும்னு நினைச்சேன். ரெண்டாவது நாளும் வரலை. ரூமுக்குப் போய்ப் படுத்து நிம்மதியா தூங்கினேன்.

இன்னிக்குக் காலையில வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வாய் நிறையச் சிரிப்பு, நல்ல தமிழ். என் பக்கத்துல குனிஞ்சு, "அம்மா, உங்க பையனை எனக்குத் தெரியும். இங்கதான் இருக்கான். வாங்க, காட்டறேன்"னான்.

கைப்பையில உன் போட்டோதான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தா அவன் வாழ்க்கையில முதல் தடவையா உண்மை பேசியிருப்பான். தலை சுத்துது, நாளைக்கு வாப்பான்னு சொல்லி அனுப்பினேன். அவன் போன பின்னாடி உன் விலாசத்தை எடுத்துக்கிட்டு இங்க கிளம்பி வந்தேன்.

ஹெட்மாஸ்டரோட பலவீனத்தை உனக்குச் சொன்னது நான். மூத்தவங்களோட உள் ஜிப்பைச் சொன்னதும் நான். தம்பிதானேன்னு ஊர்க்கதையெல்லாம் எழுதினேன், நீ அதை எடுத்து வித்திருக்க. அதுக்காவது உனக்குத் தெரியாம நடந்துதுன்னு ஒரு சாக்கு வெச்சிருந்தேன். பையனைத் தேடி வர்ற ஒரு தாயைக் கூடவா? அதைப் படிச்சப்ப உனக்கு நம்ம அம்மா ஞாபகமே வரலையா?

நாளைக்குக் காலையில இந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். ஹோட்டல்ல இருந்து நேர் ரோடுதான். உன் பேரும் இந்த விலாசமும் கொடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி நீயா வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். நான் உன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன், எத்தனை மணி நேரமானாலும்.

உன்னை வெச்சிருக்கறவங்ககிட்ட இந்தக் கடுதாசியைக் காட்டினா நான் ஊர் திரும்ப மாட்டேன். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். என்ன செய்யணுமோ நீயே முடிவு பண்ணிக்கோ.

மேஜையில பார்த்தேன் ஜன்னல் வழியா, பாதி பிரெட்டைத் திறந்தபடி வெச்சிருக்க. எறும்பு வரும்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. சாப்பாடு போடறாங்க. நீ அனுப்பின ரெண்டு கவரும் கிடைச்சுது, துணியும் கிடைச்சுது. எழுத உட்கார்ந்தா கோபம்தான் வந்தது, அதான் இத்தனை நாள். இன்னும் கோபம் போகலை. கேஸ் எப்ப முடியும்னு வக்கீலுக்கே தெரியலை. வருஷக்கணக்கா ஆகும்னு பக்கத்துக் கட்டில்காரன் சொல்றான்.

நான் வந்த கடை நாலே மாசத்துல மூடிட்டாங்க. உன் கடுதாசியெல்லாம் அந்த மூடின கடை வாசல்லயே நின்னுதான் கிளார்க்கிட்ட வாங்கிக்கிட்டேன். உங்ககிட்ட சொல்ல வெட்கம். எல்லாரும் ஏர்போர்ட்டுக்கு வந்து மாலை போடாத குறையா அனுப்பினீங்க, எந்த முகத்தோட திரும்பறது? பெரியவர்னு ஒருத்தர் இடம் கொடுத்தார். தமிழ் தெரிஞ்ச ஆள் இன்னொருத்தன் வேணும்னார். நான் யார் மேலயும் கை வைக்கலை. யார் வர்றாங்க, எப்படிப்பட்டவங்கன்னு சொல்றது மட்டும்தான் என் வேலை. அதனாலயே அது தப்பு இல்லைன்னு நானா சொல்லிக்கிட்டேன். அந்த அம்மா விஷயத்தைப் படிச்சப்ப நம்ம அம்மா ஞாபகம் வந்தது. வந்தும் சொன்னேன். இதுக்கு மேல அதைப் பத்தி என்னைக் கேட்காதே.

அன்னிக்கு ராத்திரி கதவைத் திறந்ததும் உன் கடுதாசியை மிதிச்சுட்டேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள பெரியவர் போன். அந்தப் பச்சை சால்வை அம்மா என்ன ஆச்சுன்னு. பையன் கிடைச்சுட்டானாம், காலையில ஊருக்குப் போறாங்களாம், விட்டுடுங்கன்னு சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, வெச்சுட்டார்.

காலையில ஹோட்டலுக்கு எதிர் பக்கம் வந்து நின்னேன். நீ கைப்பையை மாட்டிக்கிட்டு வெளியில வந்த. ரெண்டு பக்கமும் பார்த்த, கொஞ்ச நேரம் அங்கயே நின்ன. நான் தூணுக்குப் பின்னாடி இருந்தேன். அப்புறம் நடக்க ஆரம்பிச்ச. உன் மேல யாராவது கை வெச்சா என்ன பண்றதுன்னு பயம், அதனால பின்னாடியே வந்தேன். ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்தேன் அக்கா. உன் பின்னாடி பத்தடியில. கூப்பிட வாய் வரலை. நீ ஒரு தடவை கூட திரும்பலை. திரும்பியிருந்தா நான் ஓடி வந்திருப்பேன். உன்கூடவே உள்ள வந்திருப்பேன். நானா வந்தவன்னு எழுதியிருப்பாங்க, தண்டனையும் குறைஞ்சிருக்கும். இப்பப் பிடிச்சுட்டு வந்தவன்னு எழுதியிருக்காங்க.

நீ உள்ள போனதும் ரூமுக்குத் திரும்பி உட்கார்ந்துட்டேன். ஓடலை. மத்தியானம் வந்தாங்க.

ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா?

உன் தம்பி

*

செப்டம்பர் 3

சின்னவனுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும்தான் சாப்பாடு இறங்குச்சு. குளிர் ஆரம்பிக்கும்னு சொல்றாங்க, கால் உறை ரெண்டு ஜோடி அனுப்பியிருக்கேன். வக்கீலைப் பார்த்தா பெரியவரைப் பத்தித் தெரிஞ்சதை எல்லாம் ஒளிக்காம சொல்லிடு. எனக்கு வேலை போயிடுச்சு. முதலாளி அனுப்பலை, நானே எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். இப்ப ஒரு துணிக்கடையில கல்லாவுல உட்கார்றேன். மாமாவுக்கும் ஏதோ சின்ன வேலை கிடைச்சிருக்கு, ஓட்டிடலாம்.

ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போய் என் தம்பிதான்னு சொன்னேன். நீ எங்க படிச்சன்னு கேட்டார். சொன்னேன். அவன் என்கிட்ட படிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்னார். அவ்வளவுதான். சகோதரிங்க வீட்டுல இளையவங்க கதவைத் திறந்து, விஷயத்தைக் கேட்டதும் சாத்திட்டாங்க. அதுக்கு மேல நான் என்ன எதிர்பார்க்க முடியும்?

அம்மாகிட்ட சொல்லிட்டேன். முழுசா கேட்டாங்க. நீ செஞ்சது சரிதான்னு சொன்னாங்க, அப்புறம் பத்து நாள் என்கூடப் பேசலை. இப்ப உன் கடுதாசியைத் தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்கறாங்க.

திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதான்னு கேட்டிருக்க. இதை எழுதவே கூடாதுன்னு இருந்தேன். நீ கேட்டதனால சொல்றேன்.

நீ பின்னாடி வந்தது எனக்குத் தெரியும். முதல் கடைக் கண்ணாடியிலயே பார்த்துட்டேன். ஜூன் மாசத்துலயும் நான் பின்னின ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்த. இளைச்சுப் போயிருந்த. அந்த ரோடு முழுக்க ஒவ்வொரு கண்ணாடியிலயும் உன்னைப் பார்த்துக்கிட்டேதான் நடந்தேன். கூப்பிடுடா, நீயா ஒரு வார்த்தை கூப்பிட்டுடுடான்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டே நடந்தேன். வாசல்ல ஷூ லேஸ் அவிழ்ந்த மாதிரி குனிஞ்சு கூட நின்னேன்.

நான் திரும்பியிருந்தா நீ உள்ள வந்திருப்பன்னு எழுதியிருக்க. இருக்கலாம். ஆனா நான் உள்ள போயிருக்க மாட்டேன். உன் முகத்தை நேருக்கு நேர் பார்த்திருந்தா, உன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஏர்போர்ட்டுக்குத்தான் ஓடியிருப்பேன். அந்த ரெண்டு பொம்பளைங்களையும் ஹெட்மாஸ்டரையும் அங்கயே மறந்திருப்பேன். அதான் திரும்பலை.

வேளைக்குச் சாப்பிடு. கால் உறையைப் போட்டுக்கோ. பதில் எழுது.

உன் அக்கா